ஐ.நா. அதிகாரி யாருடைய ஆள்?

அந்தோனியோ குட்டெரஸின் பதவிக்காலம் 2026 டிசம்பர் 31-ல் முடிகிறது. அடுத்த பொதுச் செயலாளர் யார் என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பம். 'எந்த நாட்டுக்காரர் வருகிறாரோ அந்த நாட்டுக்குத்தானே லாபம்?' என்கிறார்கள் பாதிப் பேர். மீதிப் பேர் ஐ.நா.வுக்கான நம் தூதரையும் ஐ.நா.வில் வேலை பார்க்கும் இந்தியரையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். தூதர் தன் அரசு சொல்வதைக் கேட்பதற்குச் சம்பளம் வாங்குகிறார். மற்றவர் கேட்காமலிருப்பதற்கு வாங்குகிறார்.

சர்வதேசக் குடிமைப் பணியாளர் என்பவர் யார்?

ஐ.நா. சாசனத்தின் 100-வது பிரிவுப்படி, எந்த அரசிடமும் உத்தரவு கேட்கவோ பெறவோ கூடாதவர். அவரை வளைக்க முயல மாட்டோம் என்று அரசுகளும் அதே பிரிவில் ஒப்புக்கொண்டிருக்கின்றன. நடைமுறையில், உத்தரவு வந்ததற்குத் தடயம் இல்லாதவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

பிறகு அரசுகள் எப்படிப் பிடி வைத்திருக்கின்றன?

முக்கியமாக, அயல்பணி மூலம். நம் ஊர் அரசு ஊழியருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேறு இடத்துக்குப் போனாலும் தாய்த் துறையில் பெயர் இருக்கும். திரும்பி வர இடமும் பதவி உயர்வும் அங்கேதான். ஐ.நா.வுக்கு அனுப்பப்படுபவருக்கும் அதே கதை. உறுதிமொழி எடுப்பது நியூயார்க்கில், பிழைப்பு சொந்தத் தலைநகரில். யாரும் கூப்பிட்டு உத்தரவு போட வேண்டியதே இல்லை.

இதை முழுமையாகப் பயன்படுத்தியது சோவியத் ஒன்றியம். தன் ஆட்களைக் குறித்த கால ஒப்பந்தத்தில் அனுப்பியது. சம்பளத்தில் ஒரு பங்கைத் தன்னிடமே கட்டவும் சொன்னது. விளாடிமிர் யாகிமெட்ஸ் 1977-ல் அப்படி வந்தவர். ரஷ்ய மொழிபெயர்ப்புப் பிரிவில் தொடங்கி, திட்டமிடல் அலுவலகத்துக்கு மாறினார். 1983 பிப்ரவரியில் அமெரிக்காவிடம் தஞ்சம் கேட்டு, சோவியத் அரசுப் பணியிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்தார். வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவரை வைத்துக்கொள்ளவே மேலதிகாரிகள் விரும்பினார்கள். டிசம்பரில் ஒப்பந்தம் முடிந்தது. நீட்டிக்கவில்லை. அயல்பணியில் வந்தவர், அனுப்பிய அரசின் சம்மதமில்லாமல் நீடிக்க முடியாது என்பது நிர்வாகத்தின் வாதம். ஐ.நா. நிர்வாகத் தீர்ப்பாயம் 1984-ல் அவர் மனுவைத் தள்ளியது. 1987-ல் சர்வதேச நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பில் கைவைக்கவில்லை.

எந்த அரசுக்கும் கட்டுப்பட மாட்டேன் என்று எழுதி வாங்கிய அலுவலகம், கட்டுப்பட ஓர் அரசு இல்லாமல் போனவரை வீட்டுக்கு அனுப்பியது. ஒப்பந்தச் சட்டப்படி சரியாகவே இருக்கலாம். எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அமெரிக்கா யோக்கியமா?

1953 ஜனவரியிலேயே அதிபர் ட்ரூமன் ஓர் ஆணை போட்டார்: ஐ.நா.வில் வேலை செய்யும் அமெரிக்கர்களின் விசுவாசத்தை அமெரிக்க அரசு சோதிக்கும். எஃப்.பி.ஐ. ஆட்கள் ஐ.நா. கட்டடத்துக்குள்ளேயே உட்கார்ந்து விசாரித்தார்கள். அவர்களை வெளியே அனுப்பியவர், அதன் பிறகு பொதுச் செயலாளராக வந்த டாக் ஹம்மர்ஷோல்ட்.

சீனா?

ஐ.நா.வில் துணைப் பொதுச் செயலாளர் அந்தஸ்தில் இருந்த வூ ஹாங்போ, உய்குர் தலைவர் ஒருவரை மாநாட்டு அரங்கிலிருந்து வெளியேற்ற வைத்ததை, ஓய்வுக்குப் பிறகு, 2018-ல் சீன அரசுத் தொலைக்காட்சியில் பெருமையாகவே சொன்னார். பழைய வல்லரசுகள் இதையெல்லாம் மறைத்துச் செய்தன. மறைக்க வேண்டும் என்றே தோன்றவில்லை பாருங்கள், அதுதான் புதுசு.

அதிகப் பணம் கட்டும் நாட்டுக்கு அதிக வேலையிடமா?

ஆமாம். தலைமைச் செயலகத்தில் ஒரு பகுதிப் பணியிடங்களுக்கு நாட்டுவாரிக் கணக்கு உண்டு: சந்தாவுக்கு 55%, உறுப்பினராக இருப்பதற்கு 40%, மக்கள்தொகைக்கு 5%. (மக்கள்தொகையில் முதலிடம் பிடித்த நமக்கு அந்த 5%-ல்தான் பெருமை.) அமெரிக்காவின் சந்தாப் பங்கு 22%; சீனா 20%-ஐ எட்டிவிட்டது.

சந்தா பாக்கி வைத்தால் இடம் குறையுமா?

குறையாது, நிர்ணயித்த தொகைதான் கணக்கு, கட்டிய தொகை கிடையாது.

உயர் பதவிகள் நாடுகளுக்குள் சுழலுமா?

எந்த நாட்டுக்கும் ஏகபோகம் கூடாது என்கிறது பொதுச் சபைத் தீர்மானம்; அமைதிகாப்புத் துறையின் தலைமை 1997 முதல் பிரெஞ்சுக்காரர்களிடமே இருக்கிறது.

அயல்பணியை ஒழித்துவிடலாமே?

பணியிலுள்ள ராணுவ அதிகாரிகள் வேறு எப்படி வருவார்கள்? தவிர, ஒழிக்க ஓட்டுப் போட வேண்டியது அனுப்பும் அரசுகள்தான்.

புதிய பொதுச் செயலாளரும் அதே உறுதிமொழி எடுப்பாரா?

எடுப்பார், பாதுகாப்புச் சபையில் ஐந்து தலைநகரங்களின் வீட்டோவைத் தாண்டி வந்த பிறகு.