'யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்'... டீச்சர் இப்படி வாக்குக் கொடுக்கலாமா?

"மிஸ், ஒண்ணு சொல்லணும். ஆனா நீங்க யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

பத்தாம் வகுப்பு மாணவி இப்படி ஆரம்பித்தால், பதற்றத்தில் சட்டென்று வாயில் வருவது: "சத்தியமா சொல்ல மாட்டேன்மா."

நல்லெண்ணம்தான். ஆனால் அது காப்பாற்ற முடியாத சத்தியம். 18 வயதுக்கு உட்பட்டவருக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால், போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது 2012-ம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவு. மறைத்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தனக்குக் கீழே வேலை பார்ப்பவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளரே மூடி மறைத்தால், ஓராண்டு வரை சிறையும் அபராதமும். 'ஸ்கூல் பேரு கெட்டுடும்' என்பதெல்லாம் சட்டத்தின் முன் செல்லாது.

அப்போ என்னதான் சொல்வது? "நீ சொல்றதை நம்புறேன். உதவி பண்ணக்கூடியவங்ககிட்ட மட்டும் சொல்வேன். உனக்குத் தெரியாம எதுவும் பண்ண மாட்டேன்."

இதைப் பிரச்னை வந்த பிறகு இல்லாமல், முன்கூட்டியே வகுப்பில் பேசிவிடுவது நல்லது. 'குட் டச், பேட் டச்' பாடம் சின்னப் பிள்ளைகளுக்குச் சரி. போட்டோ கேட்டு மிரட்டும் மெசேஜ் வரும் வயதுக்கு அது போதாது. பையன்களையும் உட்கார வைத்தே பேச வேண்டும். போக்சோ அவர்களுக்கும்தான் பாதுகாப்பு.

பிள்ளைகளின் வாயை அடைப்பது பெரும்பாலும் ஸ்டேஷன் பயம். ஆனால் 24-வது பிரிவுப்படி, வாக்குமூலத்தை வீட்டிலேயே வாங்கலாம். வாங்கும் அதிகாரி யூனிஃபார்மில் இருக்கக் கூடாது. இரவில் எந்தக் குழந்தையையும் ஸ்டேஷனில் வைத்திருக்கவும் கூடாது.

டீச்சரிடம் பேசத் தயக்கமா? 1098-க்கு மாணவரே நேரடியாக போன் பண்ணலாம்.