ரொக்கமும் ஐயமும்

அரபு மொழியில் ரொக்கப் பணத்துக்கு 'நக்து' என்று பெயர். தவணை சொல்லாமல் கைக்குக் கை உடனே செலுத்துவது நக்து. அதே சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. திர்ஹங்களைப் புரட்டிப் பார்த்து நல்ல காசையும் கள்ளக் காசையும் பிரித்தெடுப்பதும் நக்துதான். இலக்கியத் திறனாய்வுக்கு அம்மொழியில் இப்பெயர் அமைந்ததும் இதனாலேயே. தமிழிலோ 'நாணயம்' என்ற ஒரே சொல் காசையும் மனிதனின் நேர்மையையும் ஒருங்கே குறிக்கிறது. பழைய கடைவீதியில் சோதிக்கப்பட்டது காசு. காசு நல்லதென்றால் கொடுக்கல் வாங்கல் அத்துடன் முடிந்தது. கொடுத்தவர் எவர், எங்கிருந்து வருகிறார் என்ற வினாவுக்குப் பெரும்பாலும் அங்கே வேலை இருந்ததில்லை.

இன்று நிலைமை மாறிவிட்டது. நோட்டு நல்லதா என்பதை இயந்திரம் நொடியில் சொல்லிவிடுகிறது. அதை நீட்டியவர் நல்லவரா என்பதே கேள்வியாகிவிட்டது. ரொக்கமாகச் செலுத்துவதே ஓர் ஐயக் குறி என்னும் எண்ணம் எவ்வாறு தோன்றியது, அதனால் நேர்ந்த நன்மையும் தீமையும் எவை என்பதை, அவ்வெண்ணம் சட்ட வடிவம் பெற்று வளர்ந்த அமெரிக்க நாட்டின் வரலாற்றைக் கொண்டு விளக்கவும், நம் ஃபிக்ஹு நூல்கள் இத்துறையில் தரும் வழிகாட்டலைச் சுட்டவும் இக்கட்டுரை முற்படுகிறது.

பத்தாயிரம் டாலர் வரம்பு

1970ஆம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. 'வங்கி இரகசியச் சட்டம்' என அது வழங்கப்படுகிறது. பெயரைக் கேட்போர் இரகசியத்தைக் காக்கும் சட்டம் என எண்ணக்கூடும். உண்மையில் அது இரகசியத்தை விலக்க வந்த சட்டம். அதன்கீழ் அமைந்த விதிகளின்படி, ஒரே நாளில் 10,000 டாலருக்கு மேல் ரொக்கமாகச் செலுத்துபவர் அல்லது எடுப்பவர் பற்றி வங்கி அரசுக்கு அறிக்கை அனுப்பியாக வேண்டும். போதைப்பொருள் வணிகரும் வரி ஏய்ப்போரும் மூட்டை மூட்டையாகப் பணத்தை வங்கிகளில் சேர்ப்பதைத் தடுப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. அந்நோக்கத்தில் குறை காண இயலாது.

ஆனால் அந்த வரம்பு அரை நூற்றாண்டுக்கு மேலாக உயர்த்தப்படாமலே இருந்து வந்துள்ளது. 1970இல் 10,000 டாலர் கொண்டு இரண்டு புதிய கார்களை வாங்கிவிடலாம். இன்று அத்தொகைக்கு ஒரு புதிய கார் கிடைப்பதே அரிது. அன்று பெருஞ்செல்வரை மட்டும் தொட்ட சட்டம், அதில் ஓர் எழுத்தும் மாறாமலேயே, இன்று சிறு வணிகரையும் தொடுகிறது.

1976இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் மில்லர் வழக்கில் ஒரு தீர்ப்பு வழங்கியது. வங்கியிலுள்ள கணக்குக் குறிப்புகள் வாடிக்கையாளரின் சொந்த ஆவணங்கள் அல்ல, வங்கியின் வணிக ஆவணங்களே. ஆகவே சோதனைகளுக்கு எதிராக அரசியல் சாசனம் குடிமகனுக்கு அளிக்கும் பாதுகாப்பு அவற்றுக்குப் பொருந்தாது என்பது அதன் சாரம். இதன் விளைவு கூர்ந்து நோக்கத்தக்கது. வங்கி வழியே செல்லும் பணம் அரசின் பார்வைக்குத் திறந்திருக்கிறது. ரொக்கம் ஒன்றே மூடியிருக்கிறது. எல்லாக் கதவுகளும் திறந்து கிடக்கும் தெருவில், மூடியிருக்கும் ஒரு கதவே காவலரின் கண்ணை உறுத்தும் அல்லவா?

1986இல் வந்த சட்டம் மேலும் ஒரு படி சென்றது. அறிக்கையைத் தவிர்க்கும் எண்ணத்துடன் தொகையைப் பிரித்துப் பிரித்துச் செலுத்துவது தனிக் குற்றமாக்கப்பட்டது. பணம் முழுக்க முழுக்க நேர்வழியில் ஈட்டியதாக இருந்தாலும், 10,000 டாலரைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டதே குற்றமாயிற்று. 1990களில் ஐயத்துக்குரிய பரிமாற்ற அறிக்கை என்னும் முறையும் நிலைபெற்றது. இதற்குத் தொகை மட்டுமே அளவுகோல் அன்று. வங்கி ஊழியருக்கு ஐயம் தோன்றுவதும் காரணமாகலாம். அறிக்கை அனுப்பியதை வாடிக்கையாளரிடம் தெரிவிக்கவும் கூடாது. தம்மீது ஐயம் பதிவாகியிருப்பதை அறியாதவர் அதற்கு விளக்கம் அளிப்பது எங்ஙனம்?

ஐயத்தின் விலை

1994இல் லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தில் நிகழ்ந்த ஒன்று பின்னர் பஜகஜியன் வழக்கு எனப் புகழ்பெற்றது. குடும்பத்துடன் வெளிநாடு செல்லவிருந்த ஒருவரின் உடைமைகளில் 3,57,144 டாலர் ரொக்கம் இருந்தது. நாட்டைவிட்டுப் பணம் கொண்டு செல்வது குற்றமன்று. 10,000 டாலருக்கு மேல் கொண்டு செல்வதை அறிவிக்காமையே குற்றம். அவர் உண்மைத் தொகையை மறைத்தார். அது தவறுதான். எனினும், அப்பணம் வேறெந்தக் குற்றத்துடனும் தொடர்புடையதன்று என்றும், முறையான கடனொன்றை அடைக்கவே எடுத்துச் செல்லப்பட்டது என்றும் விசாரணை நீதிமன்றம் கண்டது. சிரியாவில் சிறுபான்மை ஆர்மீனியராக வளர்ந்தமையால் அரசு அதிகாரிகள்மீது அவருக்கிருந்த அச்சத்தையும் நீதிமன்றம் கருத்தில் கொண்டது. அவ்வாறிருந்தும் முழுத் தொகையையும் பறிமுதல் செய்யவே அரசு வாதாடியது. அது குற்றத்துக்குச் சற்றும் பொருந்தாத மிகையான தண்டனை என 1998இல் உச்சநீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஒரே ஒரு நீதிபதி மாறியிருந்தால் தீர்ப்பும் மாறியிருக்கும்.

பணத்தைப் பிரித்துச் செலுத்திய குற்றத்துக்காக அமெரிக்க வருமான வரித்துறை மேற்கொண்ட பறிமுதல்களை, அத்துறையைக் கண்காணிக்கும் அரசுத் தணிக்கை அமைப்பே ஆராய்ந்து 2017இல் அறிக்கை வெளியிட்டது. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நிகழ்வுகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கில் பணம் நேர்வழியில் ஈட்டப்பட்டதாகவே தெரியவந்தது. சிறு கடைக்காரரும் உணவகம் நடத்துவோரும் அன்றாட வசூலை வங்கியில் கட்டி, அதனாலேயே அதை இழந்திருந்தனர். நேர்வழிப் பணமாயின் இக்காரணத்துக்காக மட்டும் பறிமுதல் செய்வதில்லை என 2014இல் அத்துறை கொள்கையை மாற்றிக்கொண்டது. 2019இல் அது சட்டமாகவும் ஆயிற்று.

2001க்குப் பின்

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் இந்த ஐயம் குற்றத் தடுப்பு என்னும் எல்லையைக் கடந்து நாட்டுப் பாதுகாப்பு என்னும் பெயரைப் பெற்றது. அக்டோபர் 26 அன்று கையெழுத்தான தேசபக்திச் சட்டம், ரொக்கத்தை மறைத்து எல்லை கடத்துவதைத் தனிக் குற்றமாக்கியது. பின்னாளில் அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறை இணைய மையங்கள் போன்ற தொழில் நடத்துவோருக்கு வழங்கிய துண்டறிக்கைகளில், எப்போதும் ரொக்கமாகவே செலுத்துவதும் கவனிக்கத்தக்க அடையாளங்களுள் ஒன்றாக இடம்பெற்றது. ஒருவரின் தோற்றமோ நம்பிக்கையோ வாழ்க்கை முறையோ வேறுபட்டிருப்பதால் மட்டும் அவரை ஐயுறலாகாது என்ற எச்சரிக்கையும் அவற்றில் இருந்தது என்பதை நேர்மை கருதிச் சொல்ல வேண்டும். ஆயினும் ஒரே செயலை இருவர் செய்யும்போது, கடைக்காரரின் கண்ணில் யாருடைய செயல் உறுத்தும் என்பதைத் துண்டறிக்கை தீர்மானிப்பதில்லை. அவர் மனத்தில் முன்பே குடியேறியுள்ள எண்ணம் தீர்மானிக்கிறது.

இங்கே ஓர் உண்மையை மனங்கொள்ள வேண்டும். அத்தாக்குதலை ஆராய்ந்த அமெரிக்க விசாரணைக் குழு 2004இல் தன் முடிவுகளை வெளியிட்டது. தாக்குதலுக்கு 4 முதல் 5 லட்சம் டாலர் வரை செலவாகியிருக்கலாம் என அது மதிப்பிட்டது. தாக்கியவர்கள் அமெரிக்க வங்கிகளில் தம் சொந்தப் பெயரிலேயே கணக்குத் தொடங்கியிருந்தனர். வங்கி வழியாகவே அவர்களுக்குப் பெருந்தொகை வந்து சேர்ந்தது. அத்தாக்குதலுக்கு முன் அவர்களின் எந்தப் பரிமாற்றம் குறித்தும் எந்த நிதி நிறுவனமும் ஐய அறிக்கை அனுப்பவில்லை. உண்டியல் முறையில் அமெரிக்காவிலிருந்த அவர்களுக்குப் பணம் வந்ததற்கும் சான்று கிட்டவில்லை.

ஆனால் அடி விழுந்த இடம் வேறு. 2001 நவம்பர் 7 அன்று, சோமாலியர்கள் தாயகத்துக்குப் பணம் அனுப்பப் பயன்படுத்திய அல்பரக்காத் நிறுவனத்தின் அலுவலகங்கள் சோதனையிடப்பட்டு அதன் உடைமைகள் முடக்கப்பட்டன. 1991இல் அரசு சரிந்தபின் இயங்கும் வங்கி முறையே இல்லாதிருந்த நாடு சோமாலியா. வெளிநாட்டில் உழைக்கும் மகன் அனுப்பும் பணம் தாயின் கைக்குச் சேர அத்தகைய நிறுவனங்களே வழியாயிருந்தன. அந்நிறுவனத்தைத் தாக்குதல் நடத்திய இயக்கத்துடன் இணைக்கும் சான்று புலனாய்வில் கிடைக்கவில்லை என்பதை மேற்சொன்ன குழுவின் அலுவலர் அறிக்கையும் பதிவு செய்துள்ளது. 2008 செப்டம்பர் 3 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், தங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்பளிக்காமல் உடைமைகளை முடக்கியது அடிப்படை உரிமைகளை மீறுவதாகும் எனத் தீர்ப்பளித்தது. நிறுவனரின் பெயர் ஐ.நா. பட்டியலிலிருந்து நீங்க 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஃபிக்ஹின் பார்வை

திருமறையின் மிக நீண்ட வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் என்பதை அறிவோம். அதன் பொருள் கடன். தவணைக் கடனை எழுதிக்கொள்ளவும் சாட்சிகளை வைத்துக்கொள்ளவும் அது ஏவுகிறது. அவ்வசனமே, உடனுக்குடன் கைமாறும் வணிகத்தை எழுதாமல் விடுவதில் குற்றமில்லை என விலக்கும் அளிக்கிறது. விற்கும்போது சாட்சி வைத்துக்கொள்ளவும் வழிகாட்டுகிறது. எழுத்து இன்மை ஒன்றே குற்றத்தின் அடையாளமாகாது என்பது இதனால் பெறப்படும். அதே வேளையில், மறைவு ஒரு சிறப்பாகவும் போற்றப்படவில்லை. இந்த நடுநிலை கருதத்தக்கது.

நிரூபிக்கும் பொறுப்பு உரிமை கோருபவரையே சாரும் என்பதும், மனிதன் பொறுப்பிலிருந்து நீங்கியவன் என்பதே மூல நிலை என்பதும், உறுதியான ஒன்று ஐயத்தால் நீங்காது என்பதும் சட்ட அறிஞர்கள் யாவரும் ஏற்ற விதிகள். அவ்வாறாயின் அரசு எப்போதும் கைகட்டி நிற்க வேண்டுமா? ஹிஜ்ரி 450இல் மறைந்த இமாம் மாவர்தீ (ரஹ்) தம் 'அல்அஹ்காமுஸ் சுல்தானிய்யா' நூலில் இதற்கு விடை தருகிறார். அங்காடியையும் பொது ஒழுங்கையும் கண்காணிக்கும் முஹ்தஸிப், வெளிப்படாத குற்றங்களைத் துருவித் தேடலாகாது. ஆயினும், ஒருவன் மற்றொருவனைக் கொல்லத் தனியிடத்துக்குக் கொண்டு சென்றிருக்கிறான் என நம்பத்தகுந்தவர் தெரிவித்தால், காலம் தாழ்த்துவது மீட்கவியலாத இழப்பாகும் என்பதால், துருவி ஆராயலாம். இதில் இரு நிபந்தனைகள் உள்ளன: தகவல் நம்பத்தகுந்ததாக இருத்தல், இழப்பு ஈடுசெய்ய இயலாததாக இருத்தல். உயிர்களைக் காக்கும் கடமையை இமாமவர்கள் மறுக்கவில்லை. 'அவன் ரொக்கமாகக் கொடுத்தான்' என்பது மட்டும் நம்பத்தகுந்த தகவலாகுமா என்பதே நாம் எழுப்ப வேண்டிய கேள்வி.

நம் பொறுப்பு

நம் நாட்டிலும் இத்தகைய வரம்புகள் உண்டு. 2002இல் இயற்றப்பட்டு 2005 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பணச்சலவைத் தடுப்புச் சட்டத்தின்கீழ், 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கப் பரிமாற்றங்கள் அரசுக்குத் தெரிவிக்கப்படுகின்றன. ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவது 2017 ஏப்ரல் 1 முதல் தடை செய்யப்பட்டது. தேர்தல் காலங்களில் 50,000 ரூபாய்க்கு மேல் ஆவணமின்றிக் கொண்டு செல்லும் வணிகர்களைப் பறக்கும் படையினர் நிறுத்துவதும், சான்று காட்டியபின் பணம் திரும்பக் கிடைப்பதும் தமிழகத்தில் வழக்கமான காட்சி. ஹவாலா என்பது ஃபிக்ஹில் கடனை ஒருவர் பொறுப்பிலிருந்து மற்றொருவர் பொறுப்புக்கு மாற்றும் முறையான ஒப்பந்தம். ஆயினும் அப்பெயரைக் காட்டி, அனுமதி பெறாத அன்னியச் செலாவணிப் பரிமாற்றத்தை நியாயப்படுத்துவது பொருந்தாது. நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வாழ ஒப்பியவர்கள் நாம். ஒப்பந்தங்களை நிறைவேற்றுவது மார்க்கக் கடமை.

ஆகவே நமக்கு இருவகைப் பொறுப்பு உண்டு. ரொக்கத்தில் வணிகம் செய்வோர் ரசீதும் கணக்கேடும் வைத்துக்கொள்ள வேண்டும். வரம்புக்கு அஞ்சித் தொகையைப் பிரிப்பதைக் காட்டிலும், உள்ளதை உள்ளபடி அறிவிப்பதே பாதுகாப்பு; நேர்மையும் அதுவே. ஆண்டுதோறும் ஸகாத் கணக்கிடும் ஒருவருக்குக் கணக்கேடு புதிய சுமையன்று. மற்றொரு பொறுப்பு பேச வேண்டியது. அமெரிக்காவில் 2023இல் எடுத்த அரசுக் கணக்கின்படி 4.2 விழுக்காடு குடும்பங்களுக்கு வங்கிக் கணக்கே இல்லை. அவர்களைக் கருதியே நியூ ஜெர்சி மாநிலம் 2019இலும் நியூயார்க் நகரம் 2020இலும், கடைகள் ரொக்கத்தை மறுக்கலாகாது எனச் சட்டமியற்றின. ரொக்கத்தையே நம்பி வாழ்வோர் பெரும்பாலும் ஏழைகள், முதியோர், புதிதாகக் குடியேறியோர். அவர்களின் பணம் தடுக்கப்படும்போது, காரணம் எழுத்தில் தரப்படுகிறதா, விளக்கம் சொல்ல வாய்ப்புண்டா, தவறெனத் தெரிந்தால் பணம் விரைந்து திரும்புமா என்று கேட்கும் கல்வியும் வாய்ப்பும் பெற்றவர்கள் நாம். அக்கேள்விகளை நம் சமுதாயத்தவருக்காக மட்டுமன்றி, எவர் பணம் தடுக்கப்பட்டாலும் அவருக்காகவும் கேட்பதே நீதியின்பாற்பட்டது.