நள்ளிரவில் ஏறும் மருந்து

இரவு பன்னிரண்டு மணி. வார்டில் பாதி விளக்குகள் அணைந்துவிட்டன. வலியில் புரண்டு புரண்டு அப்போதுதான் கண்ணயர்ந்த நோயாளியின் கட்டிலருகே, கையில் ஒரு சிறிய பாட்டிலுடன் செவிலியர் வந்து நிற்கிறார். துணைக்கு இருப்பவர் தாழ்ந்த குரலில் கேட்கிறார்: “இப்பத்தான் தூங்கினார் சிஸ்டர். இதைக் காலையில போட்டுக்கக் கூடாதா?”

நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பாட்டிலில் இருப்பது பைபராசிலின்–டாசோபாக்டம் என்னும் கூட்டு ஆன்டிபயாடிக்காக இருந்தால், எங்கள் பதில் ‘கூடாது’ என்பதே. வார்டில் ‘பிப்டாஸ்’ என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் மருந்து இது. குடல்வால் வெடித்து வயிற்றுக்குள் சீழ் பரவியவர்கள், சர்க்கரை நோயால் காலில் ஆழமான புண் கண்டவர்கள், மருத்துவமனையில் இருக்கும்போதே நுரையீரல் அழற்சிக்கு ஆளானவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையால் வெள்ளையணுக்கள் குறைந்து காய்ச்சல் கண்டவர்கள் எனப் பலருக்கும் இது அன்றாடம் ஏறுகிறது. மாத்திரை வடிவம் இதற்கு இல்லை. ஊசி வழியாக மட்டுமே செலுத்த முடியும்.

இதில் ஏன் இரண்டு மருந்துகள்? பைபராசிலின் பென்சிலின் குடும்பத்தைச் சேர்ந்தது. பாக்டீரியா தன் செல்சுவரைக் கட்ட விடாமல் தடுத்து அதைக் கொல்கிறது. பாக்டீரியாவும் சும்மா இருப்பதில்லை. பென்சிலினை உடைத்துப் போடும் நொதி ஒன்றைப் பல கிருமிகள் சுரக்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டில் ஆபிரகாம், செயின் என்னும் இரு அறிவியலாளர்கள் அந்த நொதியைப் பற்றி 1940ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார்கள். அவர்களுடைய குழுவினர் தயாரித்த பென்சிலின் ஒரு நோயாளிக்குச் சிகிச்சையாக ஊசியில் ஏறியதோ 1941இல்தான். மருந்து நோயாளியைச் சென்றடையும் முன்பே அதற்கான எதிர்ப்புக் கண்ணில் பட்டுவிட்டது! டாசோபாக்டம் அந்த நொதியைப் பற்றிக்கொண்டு செயலற்றதாக்குகிறது. தான் நேரடியாகப் பெரிதாகக் கொல்வதில்லை; பைபராசிலின் தன் வேலையைச் செய்வதற்கு வழிவிடச் செய்கிறது. பெரியவர்களுக்கான வழக்கமான 4.5 கிராம் குப்பியில் 4 கிராம் பைபராசிலினும் அரை கிராம் டாசோபாக்டமும் இருக்கின்றன.

இனி நள்ளிரவுக் கேள்விக்கு வருவோம். சிறுநீரகம் நன்றாக இயங்கும் ஒருவரின் இரத்தத்தில் இம்மருந்தின் அளவு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பாதியாகிவிடுகிறது. அடுத்த ஒரு மணி நேரத்தில் அதிலும் பாதி. ஒரே தடவையில் எவ்வளவு உச்சத்துக்கு ஏறியது என்பதைவிட, கிருமியை அடக்கப் போதுமான அளவில் எத்தனை மணி நேரம் இரத்தத்தில் நின்றது என்பதே இக்குடும்ப மருந்துகளின் வெற்றியைத் தீர்மானிக்கிறது. ஆகவேதான் ஆறு மணிக்கு ஒரு முறை, அல்லது எட்டு மணிக்கு ஒரு முறை என்று கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்கிறோம். இரவு பன்னிரண்டு மணி மருந்தைக் காலைக்குத் தள்ளினால், இடைப்பட்ட நேரத்தில் கிருமிகள் தடையின்றிப் பெருகும். தூக்கத்தைக் கெடுப்பதில் எங்களுக்கும் விருப்பமில்லை. முடிந்தவரை நோயாளியை எழுப்பாமலே குழாயில் இணைத்துவிட்டுப் போகிறோம்.

இதே காரணத்தால் சிலருக்கு மருந்தை அரை மணியில் முடிக்காமல் நான்கு மணி நேரம் வரை மெதுவாக ஏற்றுகிறோம். இங்கேதான் அன்பினால் ஒரு தவறு நேர்கிறது. ‘இத்தனை சிறிய பாட்டில் இவ்வளவு நேரமா?’ என்று எண்ணி, குழாயில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறு சக்கரத்தை உறவினர் திருப்பிவிடுகிறார். கழிவறைக்குப் போக வேண்டும் என்றோ, சாப்பாடு ஆறுகிறதே என்றோ நோயாளியே திருப்புவதும் உண்டு. அந்தச் சக்கரத்தைத் தயவுசெய்து தொடாதீர்கள். அவசரம் எதுவானாலும் எங்களை அழையுங்கள்; குழாயோடு நடப்பதற்கும் வழி செய்து தருவோம். அதே குழாயில் வேறு மருந்தைச் சேர்த்துவிடும்படி கேட்பதும் வேண்டாம். ஜென்டாமைசின் போன்ற சில மருந்துகள் இதனோடு ஒரே ஊசிக்குழலில் கலந்தால் வலுவிழந்துவிடும். இரண்டையும் ஒரே வேளையில் போட்டு முடிக்காமல் செவிலியர் பிரித்துப் போடுவது சோம்பலால் அன்று.

முதல் குப்பியை உடைக்கும் முன் நாங்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அதற்கு நீங்கள் தரும் பதிலில் உயிரே அடங்கியிருக்கலாம். எங்கள் வார்டில் கால் புண்ணுடன் சேர்ந்த ஒரு முதியவரின் மகளிடம், “அப்பாவுக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாதா?” என்று கேட்டோம். “பென்சிலினெல்லாம் அப்பாவுக்குப் போட்டதே இல்லை, சிஸ்டர்” என்றார் உறுதியாக. மருந்து கலக்கத் தயாரானபோது, அவர் கொண்டுவந்திருந்த பையில் பழைய சீட்டுகளை எங்களில் ஒருவர் புரட்டினார். பல் பிடுங்கியபின் எழுதித் தந்த சீட்டு ஒன்று கிடைத்தது. அதைக் கண்டதும் மகளுக்கே நினைவு வந்தது: அந்த மாத்திரையைப் போட்ட அன்று அப்பாவுக்கு உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, இரவோடு இரவாக ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். சீட்டில் இருந்த பெயர் அமாக்சிசிலின். அதுவும் பென்சிலின் குடும்பமே. குப்பி திறக்கப்படவில்லை, வேறு மருந்து எழுதப்பட்டது. மகள் பொய் சொல்லவில்லை. நாங்கள்தான் கேள்வியைச் சரியாகக் கேட்கவில்லை.

இப்போது கேட்கும் முறையை மாற்றிக்கொண்டிருக்கிறோம். ‘எந்த மாத்திரைக்காவது, ஊசிக்காவது எப்போதாவது தடிப்பு, வீக்கம், மூச்சுத்திணறல், மயக்கம் வந்ததுண்டா?’ என்கிறோம். மருந்தின் பெயர் தெரியாவிட்டாலும் நடந்ததைச் சொல்லுங்கள். மாறாக, ‘பென்சிலின் ஆகாது’ என்று மட்டும் சொல்லி நிறுத்தினாலும் எங்களுக்குப் போதாது. அப்படிச் சொல்வோரில் மிகப் பலருக்கு முறையாகச் சோதித்துப் பார்த்தால் ஒவ்வாமை இருப்பதில்லை. எப்போதோ வந்த குமட்டலும் வயிற்றுப்போக்கும் ஒவ்வாமை என்று பெயர் பெற்று, நல்ல மருந்து ஒன்றின் கதவை ஆயுளுக்கும் அடைத்துவிடுகின்றன. தோலில் சிறிதளவு போட்டுப் பார்க்கும் ‘டெஸ்ட் டோஸ்’ இருக்கிறதே என்று கேட்பீர்கள். அதில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் ஆபத்து அறவே இல்லை என்றாகிவிடாது.

மருந்து ஏறத் தொடங்கிய முதல் ஒரு மணி நேரம் நோயாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். அரிப்பு, தடிப்பு, உதடும் கண்ணிமையும் வீங்குதல், குரல் கம்முதல், மூச்சு இழுத்தல், தலைசுற்றல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் உடனே மணியை அழுத்துங்கள். இல்லையேல் உரக்கக் கூப்பிடுங்கள். செவிலியரைத் தேடி நோயாளியைத் தனியே விட்டுப் போக வேண்டாம். நான்கைந்து முறை நன்றாக ஏறிய மருந்து பிறகு ஒவ்வாமல் போவதும் உண்டு. சில நாள்கள் கழித்துத் தோலில் கொப்புளம், வாய்ப்புண் தோன்றினால் அதையும் சாதாரணமாக எண்ண வேண்டாம். வென்ஃப்ளான் குத்திய இடம் சிவந்து, வீங்கி, வலித்தால் சொல்லுங்கள், இடத்தை மாற்றுவோம்.

இம்மருந்தின் பெரும்பகுதி சிறுநீரகம் வழியே வெளியேறுகிறது. ஆகவே சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு அளவைக் குறைத்தோ இடைவெளியைக் கூட்டியோ கொடுக்கிறோம். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குக் கணக்கே வேறு. வான்கோமைசின் என்னும் மருந்தும் சேர்ந்து ஏறும்போது கிரியாட்டினின் உயரக்கூடும் என்பதால் இரத்தப் பரிசோதனையை அடிக்கடி செய்கிறோம். ‘தினமும் இரத்தம் எடுக்கிறார்களே’ என்ற மனக்குறைக்குக் காரணம் இதுதான். உங்களால் ஆகக்கூடிய உதவியும் இதில் ஒன்று இருக்கிறது: சிறுநீரை அளந்து குறிக்காமல் கொட்டிவிடாதீர்கள். மூட்டுவாதத்துக்காக வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் போடுபவர்கள் அதை மறக்காமல் சொல்ல வேண்டும்; அது உடலில் தேங்கிவிட இம்மருந்து இடமளிக்கும். இதய நோய்க்காக உப்பைக் குறைத்துக்கொண்டவர்களும் சொல்லுங்கள். ஒவ்வொரு 4.5 கிராம் மருந்தோடும் 200 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் உடலுக்குள் போகிறது. பொட்டாசியமும் சிலருக்குக் குறைவதுண்டு. (வீட்டில் இன்னும் பெனடிக்ட் கரைசலில் சிறுநீரைக் காய்ச்சிச் சர்க்கரை பார்க்கும் பெரியவர்கள் இருந்தால், இம்மருந்து ஏறும் நாள்களில் அந்த நிறத்தை நம்ப வேண்டாம். குளுக்கோமீட்டரில் பாருங்கள்.)

மூன்றாம் நாள் வாக்கில் இன்னொரு மனக்கசப்பு எழுவதைக் காண்கிறோம். கல்ச்சர் முடிவு வந்தபின், எளிய மருந்தே போதும் என்று தெரிந்தால் மாற்றிவிடுகிறோம். ‘நல்லா கேட்டுக்கிட்டிருந்த பெரிய மருந்தை நிறுத்திட்டு சின்ன மருந்தைப் போடுறாங்க’ என்று உறவினர் வருந்துகிறார்கள். கிருமிக்குப் பெரிய மருந்து, சிறிய மருந்து என்பதில்லை. பொருந்தும் மருந்து, பொருந்தாத மருந்து என்பதே உண்டு. உலக சுகாதார நிறுவனம் பைபராசிலின்–டாசோபாக்டமைக் கண்காணித்துப் பயன்படுத்த வேண்டிய பிரிவில் வைத்திருக்கிறது.

எதிர்த்திசையில் மாற்ற வேண்டியும் வரலாம். 2018இல் வெளியான, ஒன்பது நாடுகளில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்லலாம். செஃப்ட்ரியாக்சோனுக்கு அடங்காத ஈ.கோலி, கிளெப்சியெல்லா கிருமிகள் இரத்தத்தில் கலந்த நோயாளிகளில், மெரோபெனம் பெற்றவர்களில் 3.7 சதவீதத்தினரும் பைபராசிலின்–டாசோபாக்டம் பெற்றவர்களில் 12.3 சதவீதத்தினரும் 30 நாள்களுக்குள் இறந்தனர். காவலுக்கு வைத்த டாசோபாக்டமையும் மீறும் கிருமிகள் உண்டு. முதல் ஊசிக்கு முன் இரத்தமும் சீழும் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பத் துடிப்பதன் பொருள் இதுவே.

எத்தனை நாள்கள் என்பதிலும் ‘இன்னும் நாலு நாள் போட்டால் பலம்தானே’ என்பது சரியன்று. வயிற்றுச் சீழை அறுவையிலோ குழாய் வைத்தோ அகற்றியவர்களிடம் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ நான்கு நாள் ஆன்டிபயாடிக் பெற்றவர்களும் அதைவிட நீண்ட நாள்கள் பெற்றவர்களும் ஒரே அளவில்தான் தேறினர். எல்லா நோய்க்கும் நான்கு நாள் என்று கொள்ள வேண்டாம். எலும்பு வரை போன கால் புண்ணுக்கு வாரக்கணக்கில் ஆகும். அவ்வாறு நீளும்போது வெள்ளையணு எண்ணிக்கையையும் பார்த்துக்கொண்டே இருப்போம்.

வீடு திரும்பியபின் சில வாரங்கள் வரை மலத்தைக் கவனியுங்கள். நாளுக்கு மூன்று முறைக்கு மேல் தண்ணீராகப் போனாலோ, இரத்தமோ சளியோ கலந்திருந்தாலோ, காய்ச்சலும் வயிற்றுவலியும் சேர்ந்தாலோ, கடையில் மாத்திரை வாங்கிப் போக்கை நிறுத்தாமல் எங்களிடம் வாருங்கள். ஆன்டிபயாடிக்குக்குப் பின் குடலில் தலையெடுக்கும் ஒரு கிருமி அதற்குக் காரணமாக இருக்கலாம்.

அந்த முதியவர் கால் ஆறி வீடு திரும்பிய நாளில், அவருடைய டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் வரிக்கு மேலேயே சிவப்பு மையில் எழுதினோம்: அமாக்சிசிலின் – உடல் தடிப்பு, உதடு வீக்கம். மகள் அதைக் கைப்பேசியில் படமெடுத்து, ஊரிலிருக்கும் தம்பிக்கும் அனுப்பிவிட்டே பையை எடுத்தார்.