எடை குறையாவிட்டாலும் நலம் கூடலாம்

மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவிலும் பெசன்ட் நகர் கடற்கரையிலும் காலைதோறும் நடப்பவர்களைக் காண்கிறோம். இரண்டு மாதம் நடந்தும் எடை குறையவில்லையே என்று மனம் சோர்ந்து, நடையையே நிறுத்திவிடுபவர்களும் உண்டு. எடை ஒன்றுதான் நலத்தின் அளவுகோலா?

கோபாலபுரத்தில் மருத்துவர் வி. மோகன் தலைமையிலான ஆய்வாளர்கள், சென்னை மக்களிடம் நடத்திய ஆய்விலிருந்து 2005ஆம் ஆண்டில் ‘இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்’ என்ற எளிய கணக்கைத் தந்தனர். அதில் எடைக்கு இடமே இல்லை. வயதுக்கு 30, இடுப்புச் சுற்றளவுக்கு 20, உடலுழைப்பின்மைக்கு 30, பெற்றோருக்குச் சர்க்கரை நோய் இருந்தால் 20 என அதிகபட்சம் 100 மதிப்பெண்கள். 60 அல்லது அதற்கு மேல் வந்தால் அபாயம் அதிகம்; இரத்தப் பரிசோதனை அவசியம்.

காரணம் உண்டு. வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு இன்சுலினின் வேலையைத் தடுக்கிறது. ஒல்லியாகத் தெரிபவரிடமும் அது இருக்கலாம். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எட்டினாலே மதிப்பெண் ஏறத் தொடங்கும். தையல்காரரின் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் அளக்க வேண்டும்.

வயது 45, இடுப்பு 84 செ.மீ., உடற்பயிற்சி இல்லை, தாய்க்குச் சர்க்கரை நோய். இத்தகைய ஒரு பெண்ணுக்கு மதிப்பெண் 70. அவர் தவறாமல் நடந்து, இடுப்பு 79 ஆனால் அது 50 ஆகும். தசை கூடுவதால் எடை அப்படியே இருக்கலாம், அபாயமோ குறைந்துவிட்டது.

வயதையும் பெற்றோரையும் நாம் மாற்ற இயலாது. மற்ற 50 மதிப்பெண்கள் நம் கையில்தான் உள்ளன. எனவே எடை குறையவில்லை என்று நடையை நிறுத்தாதிருப்போம்.