"இனி உனக்குப் பேர் இல்லை" என்றால்: லேபர் கோர்ட்டுக்குப் போகுமுன்

தோட்டத்தில் வேலை போவது பல நேரம் கடிதத்தோடு நடப்பதில்லை. காலையில் பிரட்டுக்களத்தில், "இனி உனக்குப் பேர் இல்லை, வீட்டுக்குப் போ" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். போனவர் இரண்டு நாள் கோபத்தோடு லயத்தில் இருப்பார். பிறகு மரக்கறித் தோட்டத்துக்கோ கொழும்புக்கோ கூலி வேலைக்குப் போய்விடுவார். நாலைந்து மாதம் கழித்து வழக்குப் போட்டால் தோட்டத் தரப்பு சொல்லும்: "நாங்கள் நிறுத்தவே இல்லை, அவராகத்தான் வேலையை விட்டுப் போனார்."

இந்த ஒரு பதிலில்தான் பல வழக்குகள் சாய்கின்றன.

நாம் லேபர் கோர்ட் என்று சொல்வது தொழில் நியாய சபையைத்தான். 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தில் 1957இல் செய்த திருத்தத்தால் வந்தது அது. அங்கே, "ஆம், நாங்கள்தான் நிறுத்தினோம்" என்று தோட்டம் ஒப்புக்கொண்டால், நிறுத்தியது சரிதான் என்று காட்டுவது தோட்டத்தின் பொறுப்பு. "நிறுத்தவில்லை" என்று சொன்னால், நிறுத்தியதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாமல் எதைக் காட்டுவது?

ஆகவே ஆயத்தம் என்பது வேலையை விட்டு அனுப்பிய அன்றே தொடங்க வேண்டும். மறுநாளும் பிரட்டுக்குப் போங்கள், கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். பேர் போடவில்லை என்றால் அன்றே துரைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இன்ன தேதியில் இன்னார் வேலை இல்லை என்றார், நான் வேலை செய்யத் தயாராக இருக்கிறேன் என்று தமிழில் எழுதினால் போதும். பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியையும் தபால் ரசீதையும் பத்திரமாக வையுங்கள். அந்தச் சின்ன ரசீது பிறகு பெரிய சாட்சியாகும். வாசிக்கத் தெரியாத கடிதத்தில் கையொப்பமோ கைநாட்டோ வைக்காதீர்கள். "சும்மா ஒரு சைன்தானே" என்று சொல்லித்தான் இராஜினாமாக் கடிதமும் வாங்குவார்கள்.

வேலை நீக்கம் பற்றிய மனுவை நீக்கிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். தலைவர் துரையோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்று காத்திருந்து நாளை விட்டவர்கள் உண்டு. பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும், மனுவும் போகட்டும்.

நீங்கள் சங்கத்தில் அங்கத்தவர் என்றால் சங்கமே உங்களுக்காக மனுப் போடலாம். மாதாமாதம் சந்தா கொடுக்கிறோமே, கேட்பதற்கு என்ன கூச்சம்? சட்டத்தரணி வைத்தும் பேசலாம். காசு இல்லாதவர்கள், 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குப் போய் உதவி கேட்கலாம். வருமானம் குறைவு என்று காட்ட வேண்டியிருக்கும், சம்பளச் சீட்டைக் கொண்டு போங்கள்.

போகும்போது ஒரு கொப்பியில் நடந்ததைத் தேதி வாரியாக எழுதிக்கொண்டு போங்கள். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதட்டும். சம்பளச் சீட்டு, சேமலாப நிதிக் கடதாசி, தோட்டம் கொடுத்த குற்றப்பத்திரிகை, எச்சரிக்கைக் கடிதம் எல்லாவற்றையும் காட்டுங்கள். கங்காணியோடு வாய்த்தகராறு இருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். தோட்டத்துக் கோப்பில் இருப்பதை உங்கள் சட்டத்தரணி விசாரணை அன்றுதான் முதன்முதலில் கேள்விப்பட்டால் அவரால் என்ன செய்ய முடியும்?

சாட்சி விஷயம் சிரமம்தான். இன்னும் தோட்டத்தில் வேலை செய்பவர் துரைக்கு எதிராகப் பேசப் பயப்படுவார், அதைக் குறை சொல்ல முடியாது. ஓய்வு பெற்றவர்கள் யாராவது பார்த்திருக்கிறார்களா என்று முதலில் தேடுங்கள்.

அங்கே தமிழிலேயே பேசலாம். விசாரணை சிங்களத்தில் நடந்தால் மொழிபெயர்ப்பாளர் கேட்பது உங்கள் உரிமை. புரியாமல் தலையாட்ட வேண்டாம். தீர்ப்புக்கு எதிராக மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம், ஆனால் சட்டப் பிரச்சினை பற்றி மட்டும்தான். சொல்லாமல் விட்ட சாட்சியத்தை அங்கே போய்ச் சேர்க்கலாம் என்று எண்ணாதீர்கள்.

திரும்ப வேலை வேண்டுமா, நட்டஈடு போதுமா என்பதை வீட்டில் பேசி முடிவெடுத்து, விசாரணைக்கு முன்பே சட்டத்தரணியிடம் சொல்லிவிடுங்கள். நடுவில் சமரசப் பேச்சு வந்தால், எவ்வளவு, எந்தத் தேதிக்குள், பணிக்கொடையும் இதில் அடங்குமா என்று கேட்டுத் தெரிந்த பிறகே கையொப்பம் வையுங்கள்.