முதல்வகை நீரிழிவும் எலும்பின் அடர்த்தியும்

ஆனி, ஆடித் திங்கள்களில் மலைச்சாரல் தென்காசிக் கோபுரத்தை நனைக்கும்போது குற்றால அருவிகளை நாடி மக்கள் வந்து குவிகின்றனர். பாசி படர்ந்த பாறையில் கால் வழுக்கி விழுவோரும் உண்டு. இளைஞர் ஒருவர் விழுந்தால் பெரும்பாலும் சிராய்ப்போடு எழுந்துவிடுவார். அவருக்கு இடுப்பெலும்பே முறிந்துவிட்டதென்றால், குற்றம் பாறையினுடையது மட்டுந்தானா? அவர் சிறுவயது முதல் இன்சுலின் ஊசியால் வாழ்பவராயின் இவ்வினா மேலும் அழுத்தம் பெறுகிறது.

கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடலின் எதிர்ப்பாற்றலே அழித்துவிடுவது முதல்வகை நீரிழிவு. 1922-இல் இன்சுலின் மருந்தாகும் வரை இந்நோயுற்ற குழந்தைகள் நெடுநாள் பிழைத்ததில்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விசுவநாதன் 1948-இல் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். கண், சிறுநீரகம், பாதம் ஆகியவற்றின் கேடுகளே நெடுங்காலம் மருத்துவர்களின் கவலையாக இருந்தன. எலும்பின் மீது பார்வை திரும்பியது பின்னரே.

இன்சுலின் சர்க்கரையை மட்டும் ஆள்வதன்று. எலும்பாக்கும் செல்களையும் அது தூண்டுகிறது. எலும்பின் வலிமை இருபதுகளில்தான் உச்சத்தை எட்டும். அவ்வுச்சத்திற்கு ஏறும் பருவத்திலேயே இந்நோய் பலரைப் பற்றிக்கொள்கிறது.

அடர்த்தியை அளக்கும் கருவிக்கு டெக்சா என்று பெயர். இருவேறு ஆற்றலுடைய எக்ஸ் கதிர்களை முதுகெலும்பின் கீழ்ப்பகுதியிலும் இடுப்பிலும் செலுத்தி, சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம் தாதுப்பொருள் உண்டென்று அது கணக்கிடுகிறது. வலியில்லை, கதிரின் அளவும் மிகச் சிறிது. கிடைத்த எண்ணை இளம் பருவத்தினரின் சராசரியோடு ஒப்பிடுவது டி மதிப்பு. அது -2.5 அல்லது அதற்கும் கீழாயின் எலும்புப்புரை எனலாம் என உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வரையறுத்தது. ஆனால் இருபது வயது மாணவருக்கு அவ்வளவுகோல் பொருந்தாது. அவரை ஒத்த வயதினரோடு ஒப்பிடும் இசட் மதிப்பையே நோக்க வேண்டும். -2 அல்லது அதற்குக் கீழிருந்தால் வயதுக்குக் குறைவு என்பர்.

டெக்சா காண்பது எலும்பின் நிழலை, அதன் கனத்தையன்று. வளர்ச்சி குன்றிய சிறுவனின் சிற்றெலும்பு, திடமாகவே இருந்தாலும், அடர்த்தி குறைந்ததுபோல் தோன்றக்கூடும். எனவே குழந்தைகளின் அளவை உயரத்தோடு பொருத்திப் பார்த்தல் வேண்டும். புனே ஜஹாங்கீர் மருத்துவமனை ஆய்வாளர்கள் முதல்வகை நீரிழிவுற்ற இந்தியச் சிறாரின் எலும்புநிலையை ஆராய்ந்து 2016-இல் கட்டுரை வெளியிட்டுள்ளனர்.

இனி வருவதே வியப்பு. டென்மார்க் அறிஞர் வெஸ்டர்கார்டு, பல ஆய்வுகளைத் தொகுத்து 2007-இல் ஒரு கணக்கை வெளியிட்டார். முதல்வகை நீரிழிவினரின் இடுப்பு அடர்த்திக் குறைவு (இசட் மதிப்பில்) சராசரியாக 0.37 மட்டுமே. அதைக் கொண்டு பார்த்தால் இடுப்பு முறிவு ஏறத்தாழ 1.4 மடங்கே மிக வேண்டும். கண்டதோ ஏழு மடங்குக்குச் சற்றே குறைவு! பிற்காலத் தொகுப்புகள் இம்மடங்கைக் குறைத்துக் கூறினும் இடைவெளி மறையவில்லை. மிகுந்த சர்க்கரை எலும்பிலுள்ள கொலாஜன் புரதத்தோடு பிணைந்து அதன் நெகிழ்வைக் கெடுப்பது ஒரு காரணம். வெயிலில் இற்றுப்போன கிணற்றுக்கயிறு எடையில் பெரிதாகக் குறைவதில்லை. வாளியை இழுக்கும்போதுதான் அறுகிறது. டெக்சா எடை பார்க்கும், இற்றுப்போனதை அறியாது. ஆகவே 'அளவு நன்று' என்னும் அறிக்கையைக் கண்டு முழுதும் நிம்மதி அடைதல் இந்நோயாளர்க்குத் தகாது என்பதே என் கருத்து.

அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் 2024 நெறிமுறை, ஆபத்து மிகுந்த முதியோருக்கும், பல ஆபத்துக் காரணிகள் உடைய இளையோருக்கும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கொரு முறை டெக்சா எடுக்கச் சொல்கிறது. மருந்து தொடங்கும் எல்லையையும் -2.5 என்பதிலிருந்து -2 ஆக உயர்த்தியுள்ளது. நோயுற்ற ஆண்டுகள், முந்தைய முறிவுகள், சிறுநீரக நிலை, வைட்டமின் டி அளவு இவற்றை மருத்துவரிடம் தவறாது கூறுக. வீட்டினுள் அமர்ந்தே பீடி சுற்றும் நம் வட்டாரத்துப் பெண்கள் வெயில் காண்பது அரிது. அவர்களுள் இந்நோய் உடையோர் வைட்டமின் டி-யைக் கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எலும்பு முறிவதற்கு முன் ஆள் விழ வேண்டுமல்லவா? பார்வை மங்கலும் பாத உணர்வின்மையும் திடீரென இறங்கும் சர்க்கரையும் விழச் செய்வன. அருவிக்குச் செல்லுமுன் இரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிட்டு, குளுக்கோஸ் பொட்டலம் ஒன்றையும் எடுத்துச் செல்க. அல்வா உதவாது; அதிலுள்ள நெய் சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்திவிடும்.