பள்ளிக் கணிதத்தில் தொடர்வரிசையும் தொடரும்: கருத்தும் கலைச்சொல்லும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்வழிப் பள்ளிக் கணிதத்தில் தொடர்வரிசை, தொடர் என்னும் இரண்டு கருத்துகள் அடுத்தடுத்து அறிமுகமாகின்றன. முன்னது, ஒரு விதிக்கு உட்பட்டு வரிசையாக அமையும் எண்கள். பின்னது, அவ்வெண்களைக் கூட்டி எழுதும் கோவை. பொதுத்தமிழில் 'தொடர்' என்பது கூட்டலைக் குறிப்பதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக வருவதையே குறிக்கிறது. எனவே இவ்விரு கலைச்சொற்களும் மாணவர் மனத்தில் எளிதில் கலந்துவிடக் கூடும். இக்கட்டுரை இரு கருத்துகளையும் எடுத்துக்காட்டுகளால் விளக்கி, அவற்றின் வேறுபாடு கணித அடிப்படையில் ஏன் இன்றியமையாதது என்பதை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: தொடர்வரிசை, தொடர், பொது வித்தியாசம், பொது விகிதம், கூடுதல், கலைச்சொல்.

முன்னுரை

மலைத்தொடர், தொடர்வண்டி, சொற்றொடர், தொலைக்காட்சித் தொடர் ஆகிய சொற்களில் 'தொடர்' என்பது அடுத்தடுத்து அமைதலைச் சுட்டுகிறது. பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்தால் தொடர்வண்டி. அவற்றின் எடையைக் கூட்டிப் பெறும் அளவை எவரும் தொடர் என்பதில்லை. பள்ளிக் கணிதமோ இச்சொல்லைக் கூட்டலுக்குரிய கலைச்சொல்லாகக் கொண்டுள்ளது. பொதுவழக்கில் 'தொடர்' எதைக் குறிக்கிறதோ அதனைக் கணிதம் 'தொடர்வரிசை' என்கிறது. "இத்தொடரை எழுதுக" என்னும் வினாவிற்கு ஒரு மாணவர் காற்புள்ளியிட்டு எண்களை அடுக்கினால், அவர் தமிழைப் பிழையாக அறிந்தவர் அல்லர். பொதுப்பொருளைக் கொண்டு கலைச்சொல்லை அறிய முயன்றவர். இந்நிலையில் இரு கருத்துகளையும் தெளிவாகப் பிரித்து விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தொடர்வரிசை: இடமும் மதிப்பும்

2, 5, 8, 11, 14, … என்பது ஒரு தொடர்வரிசை. இதிலுள்ள ஒவ்வோர் எண்ணும் உறுப்பு எனப்படும். இயல் எண்களின் கணத்தின்மீது வரையறுக்கப்பட்ட சார்பே தொடர்வரிசை என்பது பாடநூல் தரும் வரையறை. எளிய நடையில் கூறின், ஒன்றாவது, இரண்டாவது, மூன்றாவது என்னும் ஒவ்வோர் இடத்திற்கும் ஓர் எண் உரியது என்பதே இதன் பொருள். "ஐந்தாவது உறுப்பு 14" என்னும் வாக்கியத்தில் 'ஐந்தாவது' இடத்தையும் '14' மதிப்பையும் குறிக்கின்றன. தமிழின் 'ஆவது' என்னும் விகுதி இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகிறது. சார்பு என்னும் அருவமான கருத்தை மாணவர்க்கு விளக்க ஆசிரியர் இவ்விகுதியைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

தொடர்வரிசையை அறிய முதற்சில உறுப்புகள் மட்டும் போதா. 1, 2, 4 என்பவற்றை அடுத்து வருவது யாது? ஒவ்வோர் உறுப்பையும் இரட்டித்தால் 8 வரும். முதலில் 1, பின்னர் 2, அதன்பின் 3 எனக் கூட்டிச் சென்றால் 7 வரும். இரண்டும் முறையான விடைகளே.

இதற்கு வியப்பூட்டும் சான்று ஒன்றுண்டு. ஒரு வட்டத்தின்மேல் புள்ளிகளைக் குறித்து, அவற்றை எல்லா வகையிலும் நேர்கோடுகளால் இணைக்க வேண்டும். மூன்று கோடுகள் வட்டத்தினுள் ஒரே இடத்தில் வெட்டாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். அப்போது வட்டம் பிரியும் பகுதிகளின் எண்ணிக்கை, புள்ளிகள் கூடக்கூட 1, 2, 4, 8, 16 என வளரும். ஆறாவது புள்ளியைக் குறித்ததும் 32 வரும் என எதிர்பார்ப்போம், வருவதோ 31. எனவே தொடர்வரிசையைத் தீர்மானிப்பது விதியே அன்றி, விதியை ஊகிக்க உதவும் சில எண்கள் அல்ல. "அடுத்த எண் யாது?" என வினவும்போது விதியையும் உடன் தருவது முறையாகும்.

2. கூட்டுத் தொடர்வரிசையும் பெருக்குத் தொடர்வரிசையும்

அடுத்தடுத்த உறுப்புகளின் வித்தியாசம் மாறாதிருப்பின் அது கூட்டுத் தொடர்வரிசை. மேற்காட்டிய 2, 5, 8, … என்பதில் பொது வித்தியாசம் 3. இதன் பத்தாவது உறுப்பைக் காண முதல் உறுப்புடன் 3-ஐ ஒன்பது முறை கூட்ட வேண்டும்: 2 + 9 × 3 = 29. இங்குப் பத்து முறை கூட்டுவது மாணவரிடையே எழும் இயல்பான பிழை. எட்டு மீட்டர் இடைவெளியில் பத்துத் தென்னங்கன்றுகளை ஒரே வரிசையில் நட்டால் முதற்கன்றுக்கும் கடைசிக் கன்றுக்கும் இடையே உள்ள தொலைவு 80 மீட்டர் அன்று. 72 மீட்டரே ஆகும். கன்றுகள் பத்து, இடைவெளிகள் ஒன்பது. சூத்திரத்தில் ஒன்றைக் கழிப்பதன் காரணம் இதுவே.

அடுத்தடுத்த உறுப்புகளின் விகிதம் மாறாதிருப்பின் அது பெருக்குத் தொடர்வரிசை. 1, 2, 4, 8, … என இரட்டித்துச் செல்லும் தொடர்வரிசையில் பொது விகிதம் 2. இதன் பத்தாவது உறுப்பு 512. இங்கும் ஒன்பது முறையே இரட்டிக்கப்படுகிறது.

3. தொடர்: கூட்டலாக மாறும் வரிசை

தொடர்வரிசையின் உறுப்புகளுக்கு இடையே காற்புள்ளிக்கு மாறாகக் கூட்டல் குறியை இட்டால் அது தொடர் ஆகிறது. 2, 5, 8 என்பது தொடர்வரிசை. 2 + 5 + 8 என்பது தொடர். 15 என்பது அத்தொடரின் கூடுதல். வரிசை, கோவை, மதிப்பு என்னும் இம்மூன்றும் வெவ்வேறானவை.

கூட்டுத் தொடரின் கூடுதலைக் காண ஓர் எளிய வழி உண்டு. 2 + 5 + 8 + … + 29 என்னும் பத்து உறுப்புகளையும் எழுதி, அதன்கீழ் அவற்றையே தலைகீழாக எழுதினால், மேலும் கீழுமாக அமையும் ஒவ்வோர் இணையும் 31 தரும். பத்து இணைகளின் கூடுதல் 310. அதன் பாதியான 155 நாம் வேண்டும் விடை. முதல் உறுப்பையும் கடைசி உறுப்பையும் கூட்டி, உறுப்புகளின் எண்ணிக்கையில் பாதியால் பெருக்கும் இவ்விதியை, கி.பி. 499-ஐ ஒட்டி எழுதப்பெற்ற ஆரியபட்டீயத்தின் கணிதபாதத்தில் ஆரியபட்டர் தந்துள்ளார். நாம் மனப்பாடம் செய்யும் ஏழாம் வாய்ப்பாடும் 7 முதல் 70 வரை அமைந்த கூட்டுத் தொடர்வரிசையே; அதன் பத்து உறுப்புகளின் கூடுதல் 77 × 5 = 385.

பெருக்குத் தொடருக்கு வேறு வழி தேவை. 1 + 2 + 4 + … + 512 என்பதை இரட்டித்தால் 2 + 4 + 8 + … + 1024 கிடைக்கும். இதிலிருந்து முந்தைய தொடரைக் கழித்தால் இடையிலுள்ள உறுப்புகள் யாவும் நீங்கி, 1024 − 1 = 1023 என்னும் கூடுதல் எஞ்சும்.

4. வேறுபாடு புலப்படும் இடம்: முடிவுறாத் தொடர்

உறுப்புகளின் எண்ணிக்கை முடிவுறாதபோது இரு கருத்துகளையும் பிரித்தறியும் தேவை மிகுகிறது. 1/2 + 1/4 + 1/8 + 1/16 + … என்னும் தொடரில் ஒவ்வோர் உறுப்பாகக் கூட்டிச் சென்றால் 1/2, 3/4, 7/8, 15/16, … என்னும் பகுதிக் கூடுதல்கள் கிடைக்கின்றன. இவை 1-ஐ நெருங்கிச் செல்வதால் இத்தொடரின் கூடுதல் 1 என்கிறோம். இங்கு ஒரு நுட்பம் உள்ளது. பகுதிக் கூடுதல்களும் ஒரு தொடர்வரிசையே. அது மூலத் தொடர்வரிசையினின்று வேறானது. ஒன்று 0-வை நெருங்குகிறது. மற்றொன்று 1-ஐ நெருங்குகிறது.

உறுப்புகள் 0-வை நெருங்கினாலே தொடருக்கு ஒரு கூடுதல் கிடைத்துவிடும் எனக் கருதுவது பிழை. 1 + 1/2 + 1/3 + 1/4 + … என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். 1/3, 1/4 ஆகியவற்றின் கூடுதல் 1/2-ஐ விடப் பெரிது. அடுத்துள்ள 1/5 முதல் 1/8 வரையிலான நான்கின் கூடுதலும் 1/2-ஐ விடப் பெரிது. அதற்கடுத்த எட்டு உறுப்புகளுக்கும் இது பொருந்தும். இவ்வாறு அரை அரையாகச் சேர்ந்துகொண்டே செல்வதால் தொடர் எல்லையின்றி வளர்கிறது. தொடர்வரிசை 0-வை நோக்கிச் செல்ல, தொடர் எந்த எண்ணையும் கடந்து செல்கிறது. இரு சொற்களையும் ஒன்றாகக் கருதும் மாணவர்க்கு இக்கூற்று முரணாகவே தோன்றும்.

முடிவுறாத் தொடர்களின் ஆய்வில் கேரளக் கணித மரபிற்குச் சிறப்பிடம் உண்டு. 1 − 1/3 + 1/5 − 1/7 + … என்னும் தொடர் 'பை' மதிப்பின் நான்கில் ஒரு பங்கைத் தரும் என்னும் முடிவு, சங்கமகிராமத்து மாதவருக்கு உரியதாகக் கருதப்படுகிறது. 16-ஆம் நூற்றாண்டில் சேட்டதேவர் தம் யுக்திபாஷையில் இத்தகைய முடிவுகளுக்கான நிறுவல்களை மலையாள உரைநடையில் விளக்கியுள்ளார். குறியீடுகளின் துணையின்றி, தாய்மொழி உரைநடையிலேயே நுண்ணிய கணிதத்தை விளக்க இயலும் என்பதற்கு இந்நூல் சான்றாகிறது.

5. கலைச்சொற் சிக்கல்

தமிழகப் பத்தாம் வகுப்புப் பாடநூல் 'தொடர்வரிசை' என வழங்கும் கருத்தை, மேல்நிலை வகுப்புப் பாடநூல் 'தொடர்முறை' என்கிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் கூட்டல் விருத்தி, பெருக்கல் விருத்தி என்னும் சொற்களை ஆள்கின்றன. ஒரே மாநிலத்தில் வகுப்பு மாறும்போது சொல்லும் மாறினால், மாணவர் பழைய கருத்தையே புதியதெனக் கருத நேரும். ஆங்கிலத்திலும் தொடரைக் குறிக்கும் 'சீரீஸ்' என்னும் சொல் பொதுவழக்கில் அடுத்தடுத்து வருவதையே சுட்டுகிறது. எனவே இச்சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஆயினும் ஆங்கிலத்தில் இரு கலைச்சொற்களும் வடிவில் விலகி நிற்கின்றன. தமிழிலோ ஒன்றனுள் மற்றொன்று அடங்கியிருப்பதால் கூடுதல் விளக்கம் தேவைப்படுகிறது.

முடிவுரை

மேற்கண்ட விளக்கங்களால் பெறப்படுவன:

1. தொடர்வரிசை என்பது இடத்திற்கு மதிப்பைத் தரும் விதி. தொடர் என்பது அம்மதிப்புகளின் கூட்டல் கோவை. கூடுதல் என்பது அக்கோவையின் மதிப்பு.

2. உறுப்புகள் 0-வை நெருங்கியும் தொடர் எல்லையின்றி வளரக்கூடும் ஆதலின், இவ்வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று, கருத்தளவிலும் இன்றியமையாதது.

3. 'தொடர்' என்பதன் பொதுப்பொருளை மாணவர் முன்னரே அறிந்துள்ளனர். அதனை மறுக்காமல், "பொதுவழக்கில் இவ்வாறு, கணிதத்தில் இவ்வாறு" என இரண்டையும் அருகருகே வைத்து முதல் வகுப்பிலேயே விளக்குவது பயன் தரும்.

4. பத்தாம் வகுப்பிற்கும் மேல்நிலை வகுப்பிற்கும் ஒரே கலைச்சொல் அமைதல் வேண்டும். அதுவரை, மேல்நிலை வகுப்பு ஆசிரியர் பாடத்தின் தொடக்கத்தில் இரு சொற்களும் ஒன்றையே குறிப்பன என அறிவிப்பது கடனாகும்.